நாளுக்கு 3 மார்க்

ஒரு கூலிக் கணக்கு இரண்டு நாளாக மனதை அறுக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன நிறுவனம், போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் பக்கத்தில் மோனோவிட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை கட்ட, அந்த முகாம் கைதிகளை வாடகைக்கு எடுத்தது. ஆளுக்கு நாளுக்கு 3 மார்க், தொழில் தெரிந்தவர் என்றால் 4. அந்தப் பணமும் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குத்தான் போனது, பட்டினி வயிற்றோடு சிமெண்ட் மூட்டை சுமந்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. உடம்பு ஓய்ந்தால் ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்கெனாவில் விஷவாயு அறை. அங்கே பயன்பட்ட சைக்ளான் பி என்ற விஷத்தை விற்ற டெகெஷ் நிறுவனத்திலும் இதே ஃபார்பனுக்குப் பங்கு இருந்தது, யோசித்துப் பாருங்கள்! இத்தனை உயிர் போயும் அந்த ஆலையில் ரப்பர் கடைசிவரை வரவே இல்லை.

சரி, தண்டனை? 1948இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் ஃபார்பன் அதிகாரிகள் 13 பேர் குற்றவாளிகள், அதிகபட்சம் 8 ஆண்டு. 7 ஆண்டு வாங்கிய ஃபார்பன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் டெர் மேர் சீக்கிரமே வெளியே வந்து, 1956இல் ஃபார்பனிலிருந்து பிரிந்த பேயர் நிறுவன மேற்பார்வைக் குழுவின் தலைவரானார். எனக்கு ஆறவே இல்லை.