ஃபிட்ஸ் நிக்காத குழந்தைக்கு மூக்கு வழியா மருந்து

ஃபிட்ஸ் வந்து இழுத்துக்கிட்டே இருக்கிற குழந்தை கையில நரம்பு தேடுறது எவ்ளோ கஷ்டம்னு ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதுவும் கொழுகொழுன்னு ஒரு வயசுப் பிள்ளைன்னா நரம்பு கண்ணுக்கே சிக்காது, வண்டி வேற ஆடும், பக்கத்துல அம்மா கதறிக்கிட்டு இருப்பாங்க. அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்கலன்னா மருந்து உள்ள போயே ஆகணும். அப்போ ஊசிக்காகக் காத்திருக்காம, ஃபிட்ஸை நிறுத்துற மிடாசோலம்ங்கிற மருந்தை மூக்குல அடிச்சிடலாம், இது உண்மையிலேயே பெரிய வரம்.

சிரிஞ்ச் நுனியில அடாமைசர் (மருந்தை ஸ்ப்ரேயா மாத்துற முனை) மாட்டி, காதோட மேல் நுனியைப் பார்த்து சாய்ச்சு, ஒரே தள்ளா வேகமா தள்ளணும். மெதுவா தள்ளுனா ஸ்ப்ரே ஆகாது, சொட்டா தொண்டைக்குள்ள இறங்கி வீணாப்போயிடும்.

இதுல முக்கியம் அளவுதான். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னு வச்சா 10 கிலோ குழந்தைக்கு 2 மில்லிகிராம், ஒரு மில்லில 5 மில்லிகிராம் இருக்கிற மருந்துன்னா மொத்தமே 0.4 மில்லிதான், ரெண்டு மூக்குலயும் பாதிப்பாதி. அதே மருந்து ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் ஆம்பியூலா இருந்தா 2 மில்லி ஆயிடும், அவ்ளோ சின்ன மூக்கு அதைத் தாங்காது, வழிஞ்சிடும். அதனால ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே லேபிளைப் பார்த்துடுங்க ப்ளீஸ்.

மூக்குல சளி, ரத்தம் இருந்தா முதல்ல சக்ஷன் போட்டு உறிஞ்சி எடுத்துடுங்க. அடிச்சதுக்கப்புறம் மூச்சு குறையலாம், ஆக்சிஜனும் பேக் மாஸ்க்கும் (கையால அமுக்கி மூச்சு குடுக்கிற பை) கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், குழந்தை நெஞ்சை விட்டு கண்ணை எடுக்காதீங்க.