அந்த ஒரு ஹெச்

தங்கச்சி மகளுக்கு எங்கள் அம்மாவின் பெயரையே வைக்கிறோம். லதா. பிறப்பைப் பதிய சிங்கப்பூரில் 42 நாள் உண்டு. அதில் பாதி, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற பேச்சிலேயே போய்விட்டது.

ஹெச் வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. லதா மங்கேஷ்கர் பெயரில் ஹெச் இல்லையாம். உண்மைதான், பார்க்கவும் அழகு. ஆனால் எனக்கு அது வடக்கத்திப் பெயராகத் தெரிகிறது. 'ட'வுக்கு டி, 'த'வுக்கு டிஹெச் என்பதுதானே நம் வழக்கம்? அந்த ஹெச்சைப் பார்த்ததும் தமிழ்ப் பிள்ளை என்று புரிந்துவிடும். இல்லாவிட்டால் வகுப்பில் 'லாட்டா' ஆகிவிடுவாள்.

சரி, ஹெச்சைக் கடைசியில் போடலாமா என்றாள் தங்கச்சி. கூடவே கூடாது! அப்படி எழுதினால் அது மலாய்ச் சொல்லான 'லாத்தா' ஆகிவிடும்; திடுக்கிட்டு உளறும் கோளாறு என்று பொருள்.

அம்மாவின் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள், கண்ணுகளா.