அடைப்பா, கசிவா?

எண்ணெய் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் சீனன்குடாத் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன அந்தத் தாங்கிகளுக்கும் என் தொழிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. திருகோணமலைக்குக் கீழே கிடப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. அதில் எண்ணெய் தேடிப் பயனில்லை. நான் உப்புவெளி வீட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு பார்ப்பது வேறு நாட்டுக் கடலடி எண்ணெய் வயல்கள். மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய இடங்கள் அவை. எங்கோ ஓரிடத்தில் பாறை உடைந்து ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பிளவு எண்ணெயை மறிக்கிறதா, விடுகிறதா என்று சொல்ல வேண்டும்.

முதலில் எதற்கு எதிரே எது நிற்கிறது என்று பார்ப்போம். மணலுக்கு எதிரே களி வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மணலுக்கு எதிரே மணல் வந்தால்தான் தலையிடி. அப்போது பிளவுக்குள்ளேயே என்ன அரைபட்டுக் கிடக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். 1997இல் யீல்டிங் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதிய கணக்கு இன்றும் ஓடுகிறது: இறக்கத்தில் களியின் பங்கு எவ்வளவு என்பதுதான் அது. ஓரிடத்தில் பாறை 60 மீட்டர் இறங்கியது, அந்த இடத்தைக் கடந்துபோன படைகளில் களி மொத்தம் 15 மீட்டர் என்றால் விடை 25 சதவீதம். 15 அல்லது 20 சதவீதத்தைத் தாண்டினால் அடைப்பு என்று பலர் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இலக்கத்தை நம் ஆட்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் எண்ணம். சைஸ்மிக்கில், அதாவது நிலத்தடியை அதிர்வலையால் எடுத்த படத்தில், 60 மீட்டர் என்று வாசித்த இறக்கம் உண்மையில் 75 ஆக இருந்து, கூடுதல் 15 மீட்டரும் வெறும் மணலாக இருந்தால் அதே இடம் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். கணினித் திரையில் அடைப்பு என்ற பச்சை சந்தேகம் என்ற மஞ்சளாகும். நிலத்தடியில் ஒன்றும் மாறவில்லை!

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, பாறை வெடிப்புகள் வழியே மேலே வரும் இடம். ஏழு கிணறும் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் ஒவ்வொன்றிலும் வாளி விட்டால் சூடு வேறு. அங்கே நின்றபடியே என் பிளவுகளைப் பற்றிக் கேட்டான்: “அடைச்சிருக்கா, கசியுதா? ஒண்டைச் சொல்லுங்கோ மாமா.”

“எப்ப எண்டு முதல்ல கேளடா” என்றேன்.

பிளவின் இரண்டு பக்கமும் எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டம் வேறுவேறு ஆழத்தில் இருந்தால், அது நெடுங்காலமாகத் தடுத்து நின்றிருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரே மட்டமாக இருந்தால் கசிவு என்று பலர் உடனே எழுதிவிடுவார்கள். அது அவசரம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிரம்பி வழிந்திருந்தாலும் மட்டம் ஒன்றாகவே தெரியும். அழுத்தமும் அப்படித்தான். உற்பத்திக்கு முன் இரு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டலாம். இலட்சக்கணக்கான ஆண்டு கிடைத்தால் மயிரிழை வழியாலும் அழுத்தம் சமப்பட்டுவிடும். ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் அழுத்தம் விழ, மறுபக்கம் அசையாமல் நிற்கலாம். கடந்த காலத்துக்குக் கசிந்தது, நம் இருபது வருட உற்பத்திக் காலத்துக்குச் சுவர்.

தலைகீழாகவும் நடக்கும். காலங்காலமாக எண்ணெயைப் பிடித்து வைத்த பிளவு, ஒரு பக்கத்தை வற்றவிட்டதும் கூடிய அழுத்த வித்தியாசம் தாங்காமல் விட்டுக்கொடுக்கும். எண்ணெயைத் தள்ள நீரை மிஞ்சிய அழுத்தத்தில் செலுத்தினால் பழைய பிளவு திரும்ப அசையவும் கூடும்.

“அப்ப மீட்டிங்கில என்ன சொல்லுவீங்க?” என்றான்.

எண்ணெய் ஓட்டத்தைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்கிற பொறியியலாளருக்கு, பிளவைத் தாண்டும் ஓட்டத்தைப் பெருக்க ஒரு எண் வேண்டும்: ஒன்று என்றால் பிளவே இல்லாதது போல, பூச்சியம் என்றால் முழுச்சுவர். ஒரே எண்ணைக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை. பூச்சியம், மிகச் சிறிய ஓர் எண், ஒன்று என்று மூன்றையும் ஓட்டச் சொல்வேன். மூன்றிலும் அடுத்த கிணற்றின் இடம் மாறாவிட்டால் அந்தப் பிளவைப் பற்றி இப்போதைக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இடம் மாறினால் மறுபக்கத்தில் அழுத்தம் அளக்கப் பணம் கேட்பேன். நேரமில்லை என்று முணுமுணுப்பார்கள். பிறகு பெரும்பாலும் ஓட்டித்தான் அனுப்புவார்கள்.