ஸ்டார் ஆப்பிளுக்குத்தானே?

சாப்பாட்டு நோட்டை ஆரம்பித்தது நான்தான். மொரீஷியசில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முந்தின நாள் சாப்பிட்டதைத் தமிழில் நான்கு வரி எழுத வேண்டும்; நல்ல சாப்பாட்டுக்கு ஒரு ஸ்டார். தமிழும் வரும், உடம்புக்கு ஆவது எது என்ற புத்தியும் வரும் என்று என் கணக்கு.

ஒரு பையன் தினமும் பால், ஆப்பிள், கேரட் என்றே எழுதினான். இடைவேளையில் அவன் கையில் நான் பார்ப்பதோ ரொட்டிக்குள் வைத்த காத்தோ பிமான், அதாவது நம் பருப்பு வடை. கூப்பிட்டு, நேற்று ராத்திரி வீட்டில் என்ன என்று கேட்டேன். சோறு, பருப்பு, முருங்கைக்கீரை என்றான். அப்புறம் ஏன் எழுதவில்லை?

“அது சும்மா வீட்டுச் சாப்பாடு மிஸ். ஸ்டார் ஆப்பிளுக்குத்தானே?”

சுவரில் நான் ஒட்டிய படத்தில் ஆப்பிள்தான் பெரிதாக இருக்கிறது. மொரீஷியசுக்கு அது கப்பலில் வர வேண்டும். முருங்கை வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. படம் அச்சில் வந்தது, நான் வரைந்ததில்லை.

கீரைக்கு அப்போதே ஸ்டார் போட்டேன். சரியா என்று இன்னும் தெரியவில்லை. வடையைப் பற்றி அவன் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வரிசைப் பெண்ணோ கோலா குடித்ததை உள்ளபடி எழுதியிருந்தாள். அவளுக்கு ஸ்டார் இல்லை. ஒரு கேனில் 35 கிராம் சர்க்கரை என்று பலகையில் எழுதிவிட்டு அதற்கு எப்படிப் போடுவது? ஆனாலும் உண்மையை எழுதியது அவள்தான்.

1987-ல் இங்கே ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். 1992-க்குள் மக்களின் இரத்தத்தில் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. பிரசாரமும் நடந்தது, ஆனால் எண்ணெய்க்கு அதில் நல்ல பங்கு உண்டு. வாணலியில் எண்ணெய் மாற யாரும் நோட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. இதை நினைத்தால் என் பாடமே வீண் என்று தோன்றும். ஆனால் பள்ளிக் கேன்டீனில் கோலா விற்கக் கூடாது என்று 2009-ல் விதி வந்தும், பிள்ளைகள் வரும் வழியில் வாங்கிக் குடிக்கத்தான் செய்கிறார்கள். அதனால் பாடமும் வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டாரை நிறுத்தலாமா என்று சக ஆசிரியையிடம் கேட்டேன். “நிறுத்தினால் அந்த நாலு வரித் தமிழும் வராது” என்றார். அதுவும் சரிதான். இப்போது நோட்டில் பாதி வகுப்பு முருங்கைக்கீரை சாப்பிடுகிறது. எத்தனை வீட்டில் நிஜமாகச் சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.