ஹெடருக்கு நாடாவா, செராமிக் பூச்சா?

எஞ்சின் அறையின் வெப்பத்தைக் குறைப்பதற்காக, என் பழைய எஸ்டீம் காரின் மைல்டு ஸ்டீல் (சாதாரண எஃகு) ஹெடருக்கு, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதிக்கு, முதலில் கண்ணாடியிழை நாடாவைத்தான் சுற்றினேன். நனைத்து, இறுக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் 6 மி.மீ. படியும்படி சுற்றிய அன்று இரவு முழுவதும் கை அரித்தது தனிக்கதை. நாடா சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடக்கிவைப்பதால், வெளியேறும் வாயு சூடு குறையாதிருந்து வேகம் குன்றாமல் பாயும் என்பதும், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று அதிகம் சூடாகாது என்பதும் உண்மையே. ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனடியில் உலோகமும் கூடுதலாகச் சூடேறும். இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் பிரித்தபோது குழாய் செதில் செதிலாக உதிர்ந்தது. புதிய ஹெடரை மணல் வீச்சால் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் செராமிக் பூசி, சூளையில் பதப்படுத்தி வாங்கினேன். வெப்பத்தைத் தடுப்பதில் தடித்த நாடா ஒரு படி மேல் என்றாலும், மழையில் ஓடும் காருக்குப் பூச்சையே தேர்ந்தெடுப்பேன்.