மூன்று ஊசிக்குப் பிறகும் 4

தாதியர் பயிற்சியில் சேர்ந்ததும் எங்கள் எல்லோருக்கும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி போட்டார்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. இரண்டு மாதம் சென்று இரத்தம் எடுத்தார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. கூடப் படித்தவர்களுக்கு நூறு, ஐந்நூறு என்று வந்தது. என் தாளில் 4.

அந்த வாரம் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான பொகவந்தலாவைக்குப் போனபோது அம்மா அழுதே விட்டார். "லயத்து வீட்டுல சத்தில்லாம வளந்த புள்ள, அதான்." எட்டு வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததும் அவருக்கு நினைவு வந்தது. அது தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகையாக இருந்திருக்கலாம். ஏ வந்து போனால் பி-க்குப் பாதுகாப்புக் கிடையாது.

வைத்தியர் முதலில் கேட்டது வேறு பரிசோதனை. கிருமி ஏற்கெனவே உடம்பில் தங்கியிருந்தாலும் ஊசிக்குப் பிறபொருளெதிரி வராதாம். முடிவு வர மூன்று நாள். தூக்கமே இல்லை. கிருமி இல்லை என்று வந்தது.

அப்புறம்தான் விளக்கினார். ஆறாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) எச்.எல்.ஏ. என்ற பரம்பரையலகுகள் (ஜீன்கள்) இருக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள்தான் கிருமியின் துண்டைத் தூக்கிப் பிடித்து வெண்குருதிக் கலங்களுக்குக் காட்டுகின்றன. சில வகை எச்.எல்.ஏ. உள்ளவர்களுக்கு இந்த ஊசி சரியாக எடுபடுவதில்லை. புகைத்தல், உடல் பருமன், நாற்பதைத் தாண்டிய வயது இவையும் காரணமாகலாம். எனக்கு இவை எதுவும் இல்லை. "அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டில் குறை தேட வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மறக்க மாட்டேன்.

கிருமி யாரிடம் தங்கிவிடும் என்பதிலும் எச்.எல்.ஏ.-வுக்குப் பங்கு உண்டு என்று 2009-இல் ஜப்பானில் கண்டார்கள். ஆனால் வயதுதான் பெரிய விஷயம்: பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

மறுபடி மூன்று ஊசி. பலருக்கு இரண்டாம் சுற்றில் எடுபடும். எனக்கு 7. சரி, இனி நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி என் கையில் குத்திவிட்டால் உடனே சொல்ல வேண்டும். தயாராக உள்ள பிறபொருளெதிரி மருந்தான இம்யூனோகுளோபுலினை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, ஒரு மாதத்தில் இன்னொன்று. அதை எழுதிய சீட்டு என் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

தங்கச்சியும் இப்போது பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். கூடப் பிறந்தவர்களுக்கு எச்.எல்.ஏ. அப்படியே ஒத்துப்போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவளுக்கு மூன்றாவது ஊசி அடுத்த மாதம். இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.