டர்பனில் ஒரு புத்தக வேட்டை: சீலகாந்த் மீன் முதல் பால்புதுமையினர் புனைவு வரை

தென்னாப்பிரிக்காவில் புதுப் புத்தகம் வாங்குவது மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகிற காரியமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இங்கே பாலுக்கும் பழுப்பு ரொட்டிக்கும் விலக்கு அளிக்கும் அரசு, புத்தகத்தின் மீது 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியைக் கூசாமல் வசூலிக்கிறது. வணிக வளாகக் கடையில் சாதாரண நாவல் ஒன்று பெரும்பாலும் 300 ராண்டைத் தாண்டிவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய நாளிலிருந்து எனக்கு இருந்துவரும் இந்த எரிச்சல்தான், பழைய புத்தகக் கடைகளுக்காகவே டர்பனுக்குப் போய்வர வேண்டும் என்ற திட்டமாக முற்றியது. பறவைகள், விலங்குகள் பற்றிய நூல்களைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று பட்டியல் எழுதிக்கொண்டு புறப்பட்டேன். பட்டியலில் இல்லாத புத்தகங்களே பையில் அதிகம் திரும்பி வந்தன என்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இரவுப் பேருந்தில் கட்டணம் குறைவு. ஆனால் அந்த நிறுவனத்தின் பேருந்தில் இனி யாராவது இலவசமாக அழைத்தாலும் ஏறமாட்டேன். ஏறத்தாழ 570 கிலோமீட்டர் வழி முழுவதும் இருக்கைக்கு மேலிருந்த வாசிப்பு விளக்கு எரியவில்லை. நடத்துநரிடம் சொன்னபோது, எல்லா விளக்குகளும் அப்படித்தான் என்று பொதுவாகப் பதில் வந்தது. விளக்குக்கு இல்லாத மின்சாரம் தலைக்கு மேல் தொங்கிய தொலைக்காட்சிக்கு மட்டும் இருந்தது. நள்ளிரவு கடந்தும் அதில் ஏதோ ஒரு மதப் பிரசங்கப் படம் முழு ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. கழிப்பறைக் கதவு சாத்தவில்லை. வான் ரீனன் கணவாயில் குளிர் எலும்பைத் தொட்டபோதும் குளிர்சாதனத்தை அணைக்க யாரும் முன்வரவில்லை. படிப்பதற்கென்று கைப்பையில் வைத்திருந்த நூலைத் திறக்காமலேயே டர்பனில் இறங்கினேன்.

ஃப்ளோரிடா சாலையில் ஒரு பழங்காலக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது ஐக்ஸ் புத்தகக் கடை. ஜோசப் 'ஐக்' மாயெட் என்பவர் 1988இல் வேறோர் இடத்தில் தொடங்கிய கடை அது. 2001இல் இந்த மாடிக்கு மாறியபோது எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸி திறந்துவைத்து, சுவரில் கையெழுத்திட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த எழுத்தாளர்களும் கையெழுத்திட்டுக்கொண்டே போக, இன்று சுவரே படிக்கத்தக்க ஒரு பக்கமாகிவிட்டது. பெயர்களைத் தேடிப் படிப்பதிலேயே ஒரு காலைப்பொழுது கரைந்தது. மரத்தரை, உத்தரம்வரை எழும் அலமாரிகள், கடற்காற்றின் ஈரத்தில் ஓரம் பழுத்த தாள்களின் மணம். இயற்கை வரலாற்று அலமாரியை ஒட்டியே ஆப்பிரிக்கப் புனைவு தொடங்கிவிடுவதால், வரிசையின் முடிவில் கையை எடுக்காமல் நகர்ந்தால் விலங்கியலிலிருந்து நாவலுக்குப் போய்விடலாம். வகைக்கொரு மூலை ஒதுக்கி, வாசகரைத் தன் மூலையை விட்டு வெளியே வரவிடாமல் அடைத்துவைக்கும் வளாகக் கடைகளைவிட இந்த ஏற்பாடு நூறு மடங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எடுத்தது ஜே. எல். பி. ஸ்மித் 1956இல் எழுதிய சீலகாந்த் மீன் பற்றிய நூல். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக அறிவியல் உலகம் முடிவுகட்டியிருந்த மீன் அது. 1938 டிசம்பர் 22 அன்று, ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த இழுவைப் படகின் மீன் குவியலில் நீலநிறச் செதில்களோடு கிடந்த ஒன்றை அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். ஒன்றரை மீட்டர் நீள மீனை வண்டியில் ஏற்ற டாக்ஸிக்காரர் மறுக்க, அவர் விடவில்லை. பிணவறையும் குளிர்பதனக் கிடங்கும் கைவிரித்தன. கோடை வெயிலில் உள்ளுறுப்புகள் அழுகிப்போக, தோலை மட்டும் பதப்படுத்தி வைக்க முடிந்தது. அவர் வரைந்து அனுப்பிய எளிய கோட்டோவியத்தைக் கண்டுதான் ஸ்மித் அது என்னவென்று ஊகித்தார். ஸ்மித்தின் வேலை வேதியியல் கற்பிப்பது. மீன்கள் அவருடைய பித்து. மீனின் அறிவியல் பெயரில் லாட்டிமரின் பெயர் இன்றும் வாழ்கிறது.

இரண்டாவது மீனுக்கு ஸ்மித் 14 ஆண்டுகள் காத்திருந்தார். 1952 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொமோரோஸ் தீவுகளிலிருந்து தந்தி வந்தபோது, ஸ்மித் இருந்தது இதே டர்பன் துறைமுகத்தில், ஒரு கப்பலில். மீன் அழுகுவதற்குள் போய்ச்சேர வழியில்லாமல் இரவில் பிரதமர் டி. எஃப். மாலனுக்கே தொலைபேசியில் பேசி, ராணுவத்தின் டக்கோட்டா விமானத்தைக் கேட்டு வாங்கிப் பறந்தார். இனஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கிய, முன்னாள் பாதிரியாரான அதே மாலன், பரிணாம வரலாற்றின் சான்று ஒன்றுக்காக விமானம் தந்தார். கடையின் வராந்தாவில் நின்றபடியே இந்தப் பகுதியை முழுதும் படித்துவிட்டேன். அறிவியல் நூல் ஒன்று இத்தனை மூச்சுமுட்ட ஓடும் என்று நம்பாதவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

பக்கத்திலேயே யூஜின் மரே கறையான்களைப் பற்றி எழுதிய நூல் இருந்தது. வழக்கறிஞர், கவிஞர், மார்ஃபின் பழக்கத்தோடு போராடியவர், வாட்டர்பெர்க் மலைப்பகுதியில் பபூன் குரங்குகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். கறையான் புற்று முழுவதையும் ஓர் ஒற்றை உயிராகப் பார்க்க வேண்டும் என்று 1920களில் ஆஃப்ரிகான்ஸ் மொழிக் கட்டுரைகளில் அவர் எழுதினார். 1926இல் நோபல் பரிசாளர் மேட்டர்லிங்க் பிரெஞ்சில் வெளியிட்ட நூல் தன் எழுத்திலிருந்து களவாடப்பட்டது என்று மரே குமுறினார். சிறிய மொழியில் எழுதியவரின் உழைப்பைப் பெரிய மொழி விழுங்கும் கதை, தமிழில் எழுதுகிறவர் எவரையும் சுடும். 60 ராண்டுக்குக் கிடைத்தது, பேரம் பேசவில்லை.

வரிசை முடிந்து புனைவு தொடங்கிய இடத்தில் ஷமீம் சரீஃபின் 'தி வேர்ல்ட் அன்சீன்' கைக்கு வந்தது. 1950களின் தென்னாப்பிரிக்கா, கடைக்காரரின் மனைவியாகக் குழந்தைகளும் அடுப்படியுமாக இருக்கும் மிரியம், பிரிட்டோரியாவில் உணவகம் நடத்தும் அமீனா என்ற இரண்டு இந்தியப் பெண்களுக்கிடையே வளரும் காதல்தான் கதை. பால்புதுமையினர் (குயர்) புனைவு என்றால் நகரத்து இளைஞர்களின் இரவு வாழ்க்கை என்று ஒதுக்கிவைத்திருப்பவர்களுக்கு, மசாலா அரைத்துக்கொண்டே தன் மனத்தை முதன்முதலாகக் கேட்கத் தொடங்கும் ஒருத்தியை இந்நாவல் காட்டுகிறது. பாலியல் சார்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 1996இல் இயற்றிய அரசமைப்பு அதை உறுதிசெய்தது. 2006இல் தன்பாலினத் திருமணத்தையும் சட்டம் ஏற்றது. நம் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்த 2018வரை காத்திருந்தோம். சட்டம் ஒரு நாளில் மாறலாம். வீட்டுக்குள் அது வந்துசேரும் வேகம் எவ்வளவு குறைவு என்பதை நாவல்தான் சொல்கிறது.

இரண்டு பைகளோடு கீழே இறங்கியபோது பிடித்தது சனி. சாட்ஸ்வொர்த்துக்கு 250 ராண்ட் என்று பேசி ஏற்றிய ஓட்டுநர், இறங்கும்போது மூட்டைக்கும் மாலை நேர நெரிசலுக்கும் சேர்த்து 400 வேண்டும் என்று பூட்டைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டார். மூன்று நல்ல புத்தகங்களின் விலை அது! வாக்குவாதம் தெருவுக்குக் கேட்க, நான் தங்கவிருந்த வீட்டிலிருந்து ஆயா இறங்கிவந்து ஆங்கிலத்தில் போட்ட போட்டில் ஓட்டுநர் 280க்கு இறங்கினார். மூட்டை ஏற்றுவதற்கு முன்பே மொத்தத் தொகையைக் கைபேசியில் எழுதிக்காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ஆயா என்பவர் என் கணவரின் அலுவலகத் தோழியுடைய பாட்டி. 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய கரும்புத் தோட்டக் குடியேற்றத்தின் வழி வந்தவர். அவரிடம் எஞ்சியிருக்கும் தமிழ், மாரியம்மன் பாடல்களும் சமையற்கட்டுச் சொற்களும் குழந்தைகளை அதட்டும் வாக்கியங்களும்தான். "வாம்மா, முதல்ல சாப்புடு" என்று மீன்கறி போட்டுவிட்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரோனி கோவிந்தரின் கேட்டோ மேனர் கதைகள் வந்ததும் கை நின்றது. இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த குழுவாழிடச் சட்டத்தால், டர்பனின் ஒரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. தான் சிறுமியாக ஓடிய தெருக்களைக் கதையில் தேடினார்; மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார்.

பிறகு மிரியம் கதையைச் சொல்லச் சொன்னார். இரண்டு பெண்களின் காதல் என்று சொல்லி, மேலும் விளக்க வேண்டியிருக்குமோ என்று யோசித்தேன். அவர் கேட்டது வேறு. "அந்தக் கடையில கடன் குடுப்பாங்களா?" தன் அம்மா அப்படிப்பட்ட ஒரு கடையில் வேலை பார்த்ததாகவும், கடைக்காரர் மனைவி யாரும் அறியாமல் கணக்குப் புத்தகத்தில் ஏழைகளின் கடனை அடித்துவிடுவார் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். காதல் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் புத்தகம் பாதிவரை மடித்துக் கிடந்தது. அந்தப் பெண் கணவனை விட்டுப் போவாளா இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிடாதே என்றார். புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். நூல் விமர்சனங்கள் பலவற்றைவிட அந்த ஒரு கேள்விதான், அந்நாவல் யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியது என்று எனக்குக் காட்டியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் டர்பனை முடிக்க முடியாது. பழைய கிரே தெருப் பகுதியில் ஆட்டுக்கறி பன்னி சௌ, கால் ரொட்டி அளவு: ரொட்டியைக் குடைந்து குழம்பை நிரப்பி, குடைந்தெடுத்த வெண்பகுதியை மேலே மூடி, காரட்டும் பச்சைமிளகாயும் வினிகரும் கலந்த சம்பலோடு தருகிறார்கள். குழம்பு ஊறி ரொட்டியின் அடி இளகும் அந்தச் சில நிமிடங்களுக்குள் தின்றுவிட வேண்டும். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். விரல் முழுக்க மஞ்சள் எண்ணெய்.

திரும்பும் வழியில் கூடுதல் பணம் கொடுத்துப் பகல் பேருந்து பிடித்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்காக மட்டும். கே. செல்லோ டைக்கரின் 2001ஆம் ஆண்டு நாவலான 'தி கொயட் வயலன்ஸ் ஆஃப் ட்ரீம்ஸ்' வழித்துணை. கேப் டவுனில் மனநலம் குலைந்து மருத்துவமனை புகுந்து, பின் ஆண்களுக்கான மசாஜ் விடுதியில் வேலைக்குச் சேரும் செப்போ என்ற இளைஞன், தன் உடலையும் நிறத்தையும் வேட்கையையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொள்ள முயலும் கதை. பல குரல்கள் மாறிமாறிப் பேசுகின்றன. சில பக்கங்கள் அதிகப்படியாக நீள்கின்றன. மருத்துவமனைப் பகுதி நெஞ்சைப் பிசைகிறது. இதை எழுதியவர் 2005இல், 30 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டிராகன்ஸ்பெர்க் மலைகள் ஜன்னலில் வந்துபோனதைக் கவனிக்கவில்லை.

அடுத்து ரிச்மண்ட். ஜோகன்னஸ்பர்க்குக்கும் கேப் டவுனுக்கும் ஏறத்தாழ நடுவில், கரூ வறள்நிலத்தில், பழைய புத்தகக் கடைகளுக்காகவே பெயர்பெற்ற சிற்றூர். என்1 நெடுஞ்சாலையில் காரில் போவதே வசதி. பெட்ரோல் செலவை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து யாராவது சேர்ந்து வருவதாக இருந்தால் எழுதுங்கள், பங்கிட்டுக்கொள்ளலாம். வண்டியின் பின்பகுதியைக் காலியாக வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.